ஸ்பெயின் ஒயினில் எது புதுசு?

ஸ்பெயின் ஒயின் பாட்டில் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ரியோஹா வட்டாரத்து பாட்டில் என்றால் அங்கே ஒரு சின்ன முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். (ரியோஜா என்று வாசித்துவிட வேண்டாம், அந்த எழுத்துக்கு ஸ்பானிய மொழியில் தொண்டையைச் செருமுவது போன்ற ஒரு 'ஹ' ஒலி.) சீட்டில் பெரும்பாலும் கிரியான்சா, ரெசர்வா, கிரான் ரெசர்வா என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். மூன்றுமே வயதைச் சொல்பவை. சிவப்பு ஒயினில் கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு. அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். ரெசர்வாவுக்கு 3 ஆண்டு. கிரான் ரெசர்வாவுக்கு 5 ஆண்டு. அதில் 2 ஆண்டு பீப்பாயிலும் 2 ஆண்டு பாட்டிலுக்குள்ளும் கிடந்தாக வேண்டும்.

சரி, எந்த ஊர்த் திராட்சை? என்ன மண்? மலைச்சரிவா, ஆற்றங்கரையா? அதற்கெல்லாம் அந்தச் சீட்டில் பதில் கிடையாது. அரிசிக்கடையில் "ரெண்டு வருஷப் பழசு சார், சாதம் உதிரி உதிரியா வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொன்னியா சீரகச் சம்பாவா, எந்தப் பக்கத்து நெல் என்று எதுவும் சொல்லாமல் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது போலத்தான் இது. ஸ்பெயின் தன் உயர்ந்த ஒயின்களை நெடுங்காலம் இப்படித்தான் விற்று வந்தது. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்கே புதுசு புதுசாகக் கிளம்பியவற்றில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன. எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எந்த நிலம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கேட்ட இளைஞர்கள் போய்ச் சேர்ந்தது தாத்தா காலத்துக் கொடிகளிடமும் தாத்தா காலத்துக் கைவேலையிடமும்தான்.

வயதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கத்துக்கு ஒரு பூச்சியும் ஒரு ரயில் நிலையமும் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ நகரத்து வியாபாரிகள் சரக்குத் தேடி மலை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். அவர்களோடு 225 லிட்டர் ஓக் பீப்பாயும், அதில் ஒயினை முதிரவைக்கும் வழக்கமும் வேரூன்றின. ஆரோ என்ற ஊரின் ரயில் நிலையத்தை ஒட்டியே ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியாவும் 1879-இல் தொடங்கிய குவுனேயும் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. இவர்கள் செய்த வேலை வியாபாரிகளின் வேலை. சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகளிடமிருந்து திராட்சையோ ஒயினோ வாங்குவார்கள், கலப்பார்கள், பீப்பாயில் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருந்து விற்பார்கள். கலந்த பிறகு விவசாயியின் ஊர் எங்கே தெரியும்? நிறுவனத்தின் கைமணம்தான் மிஞ்சும். அமெரிக்க ஓக் மரம் தரும் வனிலா வாசனையும், லேசான தேங்காய் வாசனையும் 'ரியோஹா ருசி' என்றே ஆகிப்போயின.

இந்தப் பழைய பாணியை நான் மட்டம் தட்டவில்லை. நன்றாக முதிர்ந்த கிரான் ரெசர்வாவில் வரும் காய்ந்த இலை, பழைய தோல் பெட்டி, உலர்ந்த அத்திப்பழ வாசனை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த ருசியில் நிலத்தின் பங்கு எவ்வளவு, மரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நாட்டின் மற்ற பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். ஸ்பெயினில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் திராட்சை நிற்கிறது. பரப்பில் உலகிலேயே முதலிடம். உற்பத்தியில் மட்டும் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் பின்னால்தான். வறண்ட நிலம், கொடிக்கும் கொடிக்கும் நல்ல இடைவெளி, குறைந்த விளைச்சல். பரப்பில் ஏறக்குறையப் பாதி காஸ்தீயா-லா மன்சா சமவெளியில் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஊருக்கு ஊர் கூட்டுறவு ஆலைகள் வந்தன. அங்கே எடைக்கும் இனிப்புக்கும்தான் காசு. மலைச்சரிவில் நிற்கும் கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், டிராக்டரும் ஏறாது. அதனால் அது முதலில் பிடுங்கப்பட்டது, அல்லது கேட்பாரற்றுக் கிடந்தது. இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்தவைதான் பின்னால் புதையலாக மாறின.

முதல் வெடி பிரியோராத்தில். பார்சலோனாவுக்குத் தென்மேற்கே, கறுத்த பலகைக்கல் நொறுங்கிக் கிடக்கும் செங்குத்தான மலைப்பகுதி அது. 1980-களின் இறுதியில் ரெனே பார்பியே, ஆல்வாரோ பலாசியோஸ் உள்ளிட்ட ஒரு சிறு கூட்டம் கிரத்தயோப்ஸ் என்ற கிராமத்தில் குடியேறியது. 1989 அறுவடையில் சேர்ந்தே ஒயின் செய்து, ஒரே ஒயினைத் தனித்தனிப் பெயர்களில் பாட்டிலில் அடைத்தார்கள். கையில் காசில்லாத காலத்து ஏற்பாடு. நாலு வருஷம் கழித்து, 1993-இல், பலாசியோஸ் ஒரே மலைச்சரிவின் கார்னாச்சா என்ற சிவப்புத் திராட்சை ரகத்தின் பழைய கொடிகளிலிருந்து 'லெர்மீதா' என்ற ஒயினைக் கொண்டுவந்தார். ஸ்பெயினின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் அது ஒன்றாயிற்று. பாட்டிலில் வயதுக் கணக்கு இல்லை. ஒரு தோட்டத்தின் பெயர் மட்டும். பிறகு 1999-இல் சகோதரி மகன் ரிக்கார்தோ பெரெஸோடு வடமேற்கே பியெர்சோவுக்குப் போய், யாரும் சீந்தாத மென்சியா ரகத்தில் அதே வேலையைச் செய்தார்.

ஆனால் அந்த 90-களின் ஒயின்கள் இன்னொரு காய்ச்சலிலும் சிக்கியிருந்தன. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் 100 புள்ளி மதிப்பெண் உலகச் சந்தையை ஆட்டிவைத்த காலம். அதிகப் புள்ளி வேண்டுமா? பழத்தை நன்றாகக் கனியவிடு, மை போலக் கறுப்பாகப் பிழி, புத்தம்புதுப் பீப்பாயில் போடு. எல்லா ஊர் ஒயினும் ஒரே ஜிம்முக்குப் போய்வந்தது போல் திரண்டு நின்றது. நிலத்தைத் தேடிப் போனவர்களே நிலத்தின் மேல் மரவாசனையைப் பூசினார்கள்.

அதற்கு எதிர்வினையாக வந்ததுதான் இன்று 'புதிய ஸ்பெயின்' என்று பேசப்படும் அலை. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால், கிரேதோஸ் மலைத்தொடரின் கார்னாச்சா ஒன்றை வாங்குங்கள்.

கிரேதோஸ் மாட்ரிட் நகரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. மாட்ரிட், தொலேதோ, ஆவிலா என்று மூன்று மாகாணங்களில் சிதறிக் கிடப்பதால் முழு மலைக்கும் ஒரே அதிகாரப்பூர்வப் பெயர்கூட அமையவில்லை. கருங்கல் உதிர்ந்து உதிர்ந்து மணலான மண். சில தோட்டங்கள் 1,000 மீட்டருக்கும் மேலே. கம்பி, பந்தல் எதுவும் இல்லாமல் முழங்கால் உயரத்துக்குக் குட்டிப் புதராக நிற்கும் பழைய கொடிகள். பழமெல்லாம் கூட்டுறவு ஆலைக்குப் போய்ப் பெயரில்லாத ஒயினாகிக் கொண்டிருந்தது. தானி லாண்டி, பெர்னாண்டோ கார்சியா போன்ற இளைஞர்கள் 2008 வாக்கில் 'கொமாந்தோ ஜி' என்ற பெயரில் அந்தத் துண்டு நிலங்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். 'ஜி' கார்னாச்சாவின் முதல் எழுத்து. டிராக்டர் ஏறாத இடத்தில் கோவேறு கழுதையும் குதிரையும் உழுதன.

கோப்பையில் ஊற்றியதும் முதலில் சந்தேகம்தான் வரும். தண்ணீர் கலந்துவிட்டார்களா? மாதுளைச் சாற்றில் கொஞ்சம் தண்ணீர் விட்ட நிறம். கோப்பைக்குப் பின்னால் வைத்த எழுத்தை வாசித்துவிடலாம். மூக்கருகே கொண்டுபோனால் சின்னக் காட்டு ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சுத் தோல், வெயிலில் காய்ந்த மூலிகைச் செடி வாசனை. வாயில் விட்டால் புளிப்பு நிமிர்ந்து நிற்கும். துவர்ப்பு மணல்போல் பொடியாக, நாவல்பழம் தின்றபின் நாக்கு லேசாக இறுகுமே, அந்த அளவுக்கு. லேசான ஒயின் என்று நம்பி இரண்டாவது கோப்பை ஊற்றும்போது லேபிளைப் பாருங்கள்: ஆல்கஹால் 14 சதவீதம், சிலவற்றில் அதற்கும் மேல். நிறம் வெளுப்பாக இருந்தால் போதை குறைவு என்ற கணக்கு இங்கே செல்லாது. கார்னாச்சா இயல்பிலேயே நிறம் குறைவாகத் தரும், சர்க்கரை நிறையச் சேர்க்கும் ரகம். பழைய ஆட்கள் அதை மட்டமாகப் பார்த்ததற்கு அதுவே காரணம்.

ருசி மாறியதற்குப் பாதிக் காரணம் மலை. பகலில் வெயில் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடுவதால் பழத்தின் புளிப்பு கரைந்து போவதில்லை. மீதி, செய்முறை. டீத்தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் ஒரு டீ. வெந்நீரில் ஊறவிட்டு வடித்தால் வேறொரு டீ. 90-களில் முதல் வகை. இவர்கள் இரண்டாவது வகை. காம்போடு முழுக் குலையாகத் தொட்டியில் போட்டு, அதிகம் கிளறாமல் ஊறவிடுகிறார்கள். பிறகு புதுப் பீப்பாய் கிடையாது. மரவாசனை எப்போதோ போய்விட்ட பெரிய பழைய பீப்பாய்தான். சில ஊர்களில் தினாஹா என்ற மண்தாழிக்கே திரும்பிவிட்டார்கள். லா மன்சாவில் தாத்தா காலத்தில் அதுதான் சாதாரணப் பாத்திரம். சிமெண்டும் ஸ்டீலும் வந்து அதை மூலையில் தள்ளியிருந்தன. இப்போது மறுபடி ஃபேஷன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த அலையோடு 'இயற்கை ஒயின்' என்ற பெயரில் புளித்துப்போனதும், வினிகர் நெடி அடிப்பதும் கடைக்கு வருகின்றன. குறை சொன்னால் 'மண்ணின் குரல்' என்கிறார்கள். மண் அப்படியெல்லாம் நாறாது. பிடிக்காததைப் பிடித்ததுபோல் குடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இந்தச் சின்ன ஆட்களின் சத்தம் பெரிய வீட்டுக்கும் கேட்டது. 2015 கடைசியில் ஆர்தாதி என்ற மதிப்புமிக்க நிறுவனம் ரியோஹா என்ற பெயரே வேண்டாம் என்று வெளியேறியது. சமவெளியில் எந்திரம் அறுத்ததும், மலைச்சரிவில் கையால் பறித்ததும் ஒரே முத்திரையில் போனால் எங்களுக்கு என்ன லாபம் என்பது அவர்கள் கேள்வி. கிட்டத்தட்ட அதே நேரத்தில், தனி நிலங்களுக்குச் சட்டப்படி அடையாளம் வேண்டும் என்று ஒயின் செய்பவர்களும் எழுதுபவர்களும் மாட்ரிட்டில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ரியோஹா ஒயினுக்கு விதி வகுக்கும் வாரியம் 2017-இல் இறங்கி வந்தது. கிராமப் பெயரை லேபிளில் துலக்கமாகப் போட வழி பிறந்தது. 'தனித்தோட்டம்' என்று ஒரு புதிய வகையும் வந்தது. கொடிக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், கையால் பறிக்க வேண்டும், சிவப்புத் திராட்சை ஹெக்டேருக்கு 5,000 கிலோவைத் தாண்டக் கூடாது. சாதாரண ரியோஹாவுக்கு அந்த வரம்பு 6,500 கிலோ. நல்ல ஆரம்பம்தான். ஆனால் என் கண்ணுக்கு இது அரைக்கிணறு தாண்டியது போலத்தான் தெரிகிறது. கொடியின் வயதையும் எடையையும் அளக்கிறார்கள். எந்த நிலம் எதைவிட உசத்தி என்று சொல்லும் துணிச்சல் வரவில்லை. வாரியத்தில் பெரிய நிறுவனங்களின் வாக்கே கனமானது என்பதால் அது சீக்கிரம் வரும் என்றும் தோன்றவில்லை. இதற்கிடையே 2023-இல் விற்காத ரியோஹா ஒயினை அரசு உதவியோடு காய்ச்சி வடித்துத் தொழிற்சாலை ஆல்கஹாலாக்கினார்கள். எடைக்காக விளைவித்ததன் பலன் அது.

குமிழ் ஒயினிலும் இதே சண்டை. காவா என்ற பொதுப் பெயருக்குள் ஒன்பதே மாதத்தில் விற்பனைக்கு வரும் மலிவுச் சரக்கும், பல ஆண்டு ஊறிய உயர்ந்த சரக்கும் ஒன்றாகக் கிடந்தன. 2019 தொடக்கத்தில் கிரமோனா, ரெக்காரேதோ போன்ற கதலூன்யாவின் பழைய குடும்பங்கள் பிரிந்து 'கோர்பின்னாத்' என்ற தங்கள் சொந்த முத்திரையோடு நடக்க ஆரம்பித்தன: ரசாயனமில்லாத சாகுபடி, கையால் பறிப்பு, குறைந்தது 18 மாதம். வாங்கும்போது அந்தப் பெயரைத் தேடுங்கள், போதும்.

வடமேற்கு மூலையில் கலீசியா வேறு உலகம். மழை ஊற்றும் பசுமையான கடற்கரை. ரியாஸ் பைஷாஸில் அல்பரீனியோ என்ற வெள்ளைத் திராட்சையைக் கருங்கல் தூண் நட்டுப் பந்தலில் ஏற்றுகிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அங்கே போனால் ஊருக்கு வந்தது போல் இருக்கும். பந்தலின் உயரம் காய்களை ஈரத் தரையிலிருந்து தள்ளிவைக்கிறது. கீழே காற்று ஓடுகிறது. கிழக்கே கதலூன்யாவிலோ பிரச்சினை தலைகீழ், வெயிலும் வறட்சியும். தோரெஸ் குடும்பம் பைரனீஸ் மலையடிவாரத்தில் உயரமான இடம் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதோடு, பெயர் தெரியாத பழைய கொடிகள் வைத்திருப்பவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று 1980-களிலேயே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, மறைந்துபோன ரகங்கள் பலவற்றை மீட்டது. வெயில் ஏறினாலும் புளிப்பை விடாத ஃபோர்காதா என்ற வெள்ளை ரகம் அவற்றில் ஒன்று.

எனக்கு மிகச் சுவாரசியமாகத் தெரிவது தெற்கே ஹெரெஸ். ஆங்கிலேயர் வாயில் நுழையாமல் 'ஷெர்ரி' ஆன ஊர். கல்யாண கேக்கிலும் பாட்டிமார் அலமாரியிலும் இருக்கும் இனிப்புச் சரக்கு என்றுதான் ஷெர்ரியைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையான ஃபீனோ ஷெர்ரி துளி இனிப்பும் இல்லாதது. பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயினுக்குத் திராட்சைச் சாராயம் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் மேலே காற்றுக்கு இடம் விடுகிறார்கள். சில வாரங்களில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு வெள்ளைப் படலமாகப் படர்கிறது. அதற்குப் பெயர் ஃப்ளோர், அதாவது பூ. ஊறுகாய் ஜாடியைத் திறந்து "ஐயையோ, பூத்துப் போச்சே" என்று நம் வீட்டில் சொல்வார்களே, ஸ்பானியருக்கும் அதே பூதான் கண்ணில் பட்டிருக்கிறது. நாம் ஜாடியைக் கழுவி ஊற்றுகிறோம். அவர்கள் அந்தப் பூவை வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். அது காற்றுப் படாமல் ஒயினை மூடி, சாராயத்தைத் தின்று, பாதாம் பருப்பும் புளித்த மாவும் வெட்டி வைத்த ஆப்பிளும் கலந்த ஒரு வாசனையைத் தருகிறது. பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். கீழ் அடுக்கிலிருந்து ஒரு பகுதி எடுத்து விற்பார்கள்; குறைந்ததை மேல் அடுக்கின் இளைய ஒயினால் நிரப்புவார்கள். உறைமோர் தீராமல் வைத்துக்கொள்வது போன்ற சங்கதி. சொலேரா என்று பெயர். ஆக, இதில் வருஷமும் தெரியாது, நிலமும் தெரியாது. கலப்பதில் ரியோஹாவுக்கு அண்ணன்.

ஷெர்ரி மோகம் 1980-களுக்குப் பிறகு சரிந்தபோது தோட்டங்களும் பாதிக்கு மேல் போயின. மறுமலர்ச்சி ஓர் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2005-இல் ஹெசுஸ் பர்கீன் என்ற கிரனாதா பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியரும், எதுவார்தோ ஓஹேதா என்ற ஒயின் வல்லுநரும் பழைய கிடங்குகளில் தூங்கிக்கொண்டிருந்த அருமையான பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் நண்பர்களுக்காகப் பாட்டிலில் அடைத்தார்கள். 'எகீப்போ நவாசோஸ்' அப்படிப் பிறந்தது. 2010-இல் பிரபல ஃபீனோ பிராண்டான 'தியோ பெப்பே'யே 'என் ராமா' வகையைக் கொண்டுவந்தது. அதிகம் வடிகட்டாமல், பீப்பாயில் இருந்தபடியே எடுப்பது என்று பொருள். கண்ணாடிபோல் தெளிந்த சாதாரண ஃபீனோவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால், வடிகட்டியில் எவ்வளவு ருசி போயிருக்கிறது என்று தெரியும். நன்றாகக் குளிரவைத்து, குட்டி ஷெர்ரி கிளாஸை ஒதுக்கிவிட்டு, வெள்ளை ஒயின் கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள். தொட்டுக்கொள்ளப் பொரித்த மீன். அந்தக் கடற்கரைக்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

அடுத்த தலைமுறை இன்னும் ஒரு படி இறங்கி மண்ணுக்கே போனது. ஹெரெஸைச் சுற்றி அல்பரீசா என்ற வெண்சுண்ணாம்பு மண் குன்றுகள். கோடை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. மச்சர்னூதோ, பல்பாயீனா, மீராஃப்ளோரெஸ் என்று ஒவ்வொரு குன்றுக்கும் பெயர் உண்டு; அந்தப் பெயர்களுக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பும் இருந்தது. வில்லி பெரெஸ், ராமீரோ இபானியெஸ் இருவரும் பழைய ஆவணங்களைக் கிளறி அந்தப் பெயர்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். சாராயம் சேர்ப்பதற்குப் பதிலாக, பறித்த குலைகளை வெயிலில் காயவைத்துச் சர்க்கரையை ஏற்றி, தானாகவே 15 சதவீதத்தைத் தொடும் ஃபீனோவைப் பெரெஸ் செய்தார். அது முன்பும் இருந்த முறைதான். ஆனால் சாராயம் சேர்க்காததற்கு ஷெர்ரி என்று பெயர் வைக்க விதி இடம் தரவில்லை. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வாரியம் அந்த விதியைத் தளர்த்தியது. இன்னும் சிலர் ஷெர்ரி என்ற பெயரையே விட்டுவிட்டு, 12, 13 சதவீதத்தில் சாப்பாட்டோடு குடிக்கும் சாதாரண வெள்ளை ஒயினாகப் பலோமினோவைச் செய்கிறார்கள். 'வீனோ தே பாஸ்தோ' என்ற பழைய சொல் லேபிளில் திரும்பி வந்திருக்கிறது.

பலோமினோ வெறும் தண்ணீர் ரகம், ருசியெல்லாம் பூவும் பீப்பாயும் தருவதுதான் என்று பாடப்புத்தகம் போல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இதே திராட்சை ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே கிடக்கும் கனாரித் தீவுகளில் லிஸ்தான் பிளாங்கோ என்ற பெயரில் வளர்கிறது. அந்தத் தீவுகளில் 2025 வரை ஃபிலாக்ஸெரா தலைகாட்டவே இல்லை. கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. லான்சரோத்தேவில் 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய சாம்பல் வயல்களை மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் அந்தக் கருஞ்சாம்பலில் ஆள் மறையும் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடியில் இருக்கும் பழைய மண்ணில் குழிக்கு ஒன்றிரண்டு கொடி நட்டு, காற்றுக்கு மறைப்பாக அரைவட்டக் கல்சுவர் எழுப்பினார்கள். மழை அரிதான ஊரில் அந்தச் சாம்பல்தான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அதே தீவுக்கூட்டத்தின் தெனெரீஃபேவில் எரிமலைச் சரிவுகளில் கொடிகளைப் பின்னல் ஜடைபோல் முறுக்கி மீட்டர் கணக்கில் நீளவிட்டு வளர்க்கும் ஊரும் உண்டு. எம்பீனாத்தே, சுவேர்த்தெஸ் தெல் மார்கேஸ் போன்றவர்களின் பாட்டில்கள் அங்கிருந்து வருபவை.

ஹெரெஸின் ஒரு வீனோ தே பாஸ்தோ, தெனெரீஃபேவின் ஒரு லிஸ்தான் பிளாங்கோ. இரண்டையும் ஒரே குளிர்ச்சியில், ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றி, லேபிளைத் துணியால் மூடிவிட்டு யாரிடமாவது நீட்டுங்கள். ஒன்றில் ஈரச் சுண்ணாம்பும் உப்பும்; இன்னொன்றில் அப்போதுதான் உரசி அணைத்த தீக்குச்சிப் புகையும் எலுமிச்சைத் தோலும். இரண்டும் ஒரே திராட்சை என்று அப்புறம் சொல்லுங்கள்.